மூன்று மாற்றங்களில் ஒரு புதிய தீவு

ஆதர் சி. கிளார்க் 1979இல் வெளியிட்ட ‘த ஃபவுன்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலின் கதை தப்ரபேன் என்னும் தீவில் நடக்கிறது. அங்கே யக்ககல என்றொரு தனிப்பாறை. தந்தையைக் கொன்று அரசேறிய மன்னன் கட்டிய அரண்மனையின் இடிபாடு அதன் உச்சியில் இருக்கிறது, அடிவாரத்தில் நீர்த்தோட்டம். பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை போய்வந்த மாத்தளைப் பிள்ளைக்குக்கூட இது சிகிரியா என்று உடனே தெரிந்துவிடும். 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையிலேயே வாழ்ந்த கிளார்க் அதை மறைக்கவும் இல்லை. தாம் செய்த மாற்றங்களை நாவலிலேயே குறிப்பாக எழுதிவைத்தார். தீவை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார். புனித மலையான சிவனொளிபாதமலையின் உயரத்தை இரட்டிப்பாக்கினார். அந்த மலையைப் பாறைக்குப் பக்கமாகக் கொண்டுவந்தார். மூன்றே மாற்றங்கள்தாம்.

மூன்றுக்கும் காரணம் உண்டு. கதையின் நாயகனான பொறியியலாளன் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்ட முனைகிறான். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் பொருள், பூமியின் சுழற்சியோடு இணைந்து, ஒரே இடத்துக்கு நேர்மேலே நிற்கும். அங்கிருந்து வடம் இறக்கினால் அதன் அடி நிலநடுக்கோட்டில்தான் ஊன்ற வேண்டும். சிவனொளிபாதமலையோ வடக்கே ஏறத்தாழ 6.8 பாகையில் இருக்கிறது. ஒரு பாகை சுமார் 111 கிலோமீற்றர் என்பதால், 800 கிலோமீற்றர் தள்ளினால் கணக்குச் சரியாகிவிடும். உண்மையில் 2,243 மீற்றர் உயரமான மலையை இரட்டிப்பாக்கியதும் கோபுரத்துக்கு நல்ல அடித்தளம் தேடித்தான். மலையையும் பாறையையும் அருகருகே வைத்தது கதைக்காக. வானத்தை எட்ட ஆசைப்பட்ட மன்னனும் வானத்துக்கு வழி போடும் பொறியியலாளனும் ஒரே காட்சிக்குள் வரவேண்டும் அல்லவா?

மற்றவற்றைக் கிளார்க் பெரும்பாலும் உள்ளபடியே விட்டார். 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பனின் கதையைச் சூளவம்சம் சொல்கிறது. தந்தை தாதுசேனன் கொல்லப்பட்டது, தம்பி முகலன் இந்தியாவிலிருந்து படையோடு திரும்பியது, சேற்றைக் கண்டு யானை திரும்ப, மன்னன் பின்வாங்குகிறான் என்றெண்ணிப் படை கலைந்தது எல்லாம் அதில் உண்டு. நாவலில் காசியப்பன் காளிதாசன் ஆகிறான். நாவலுக்குப் பெயர் தந்த நீரூற்றுகளோ இன்றும் பார்க்கக்கூடியவை. துளையிட்ட வட்டமான சுண்ணாம்புக்கல், அதன் கீழே நிலத்தடிக் கால்வாய், சற்று மேட்டில் நீர்நிலை. பொறி இவ்வளவே. மாரி மழை நன்றாகப் பெய்தால் அந்த 5ஆம் நூற்றாண்டுத் துளைகளில் நீர் தானாகவே எழும்பும்.

உலகம் படைப்பதில் கிளார்க்கின் கைத்திறன் நன்றாகத் தெரிவது வண்ணத்துப்பூச்சிகளில்தான். கூட்டங்கூட்டமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகின்றன என்பது இந்நாட்டு நம்பிக்கை. அந்தப் பூச்சிகளைக் காளிதாசனின் மடிந்த வீரர்களாக்கி, அவை மலையுச்சியை அடைந்தால் அங்குள்ள பிக்குகள் வெளியேற வேண்டும் என்று ஒரு தொல்வாக்கையும் நாவல் சேர்த்துக்கொள்கிறது. கோபுரத்துக்கு இடம்விடாமல் நிற்கும், நீதிமன்றத்தால் அசைக்க முடியாத அந்த மடத்தை, செயற்கையாக எழுப்பிய புயல் ஒன்று பூச்சிகளை உச்சிக்கு அடித்துக்கொண்டுபோய்க் காலி செய்துவிடுகிறது. அலங்காரமாக நின்றிருக்கக்கூடிய ஒரு நம்பிக்கை கதையின் அச்சாணியாகிறது. நாவல் அறிவியல் புனைகதைதான், மாயப்புனைவு அல்ல. ஆனாலும் இந்த வேலை இரண்டுக்கும் பொது. நெபுலா, ஹியூகோ ஆகிய இரு விருதுகளும் இதற்குக் கிடைத்தன.

இதற்கு நேரெதிரான வழி இலங்கையரான வஜ்ர சந்திரசேகரவின் ‘த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’ (2023). இதில் இலங்கை என்ற பெயரே இல்லை. லூரியத் என்ற நகரம், திறக்கவியலாத கதவுகள், நிழலில்லாத நாயகன் என எல்லாம் புதிது. ஆனால் புத்தரின் மகன் இராகுலனின் கதை அடியில் ஓடுகிறது. ஆளை இனவாரியாகப் பிரிக்கும் பத்திரங்களும் கலவரங்களும் வரும்போது இந்நாட்டு வாசகருக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. சிறந்த நாவலுக்கான நெபுலா விருதை இதுவும் பெற்றது.

படைத்த உலகின் விதிகளில் ஓட்டை இருந்தாலும் தனி நாவலில் தப்பிக்கொள்ளலாம், தொடரில் முடியாது. 1937இல் ‘த ஹொபிட்’ வெளியானபோது அதிலிருந்த மோதிரம் ஆளை மறைக்கும் ஒரு மாயப்பொருள் மட்டுமே. அடுத்த கதையில் அதையே உலகை அடிமையாக்கும் தீமையாக்கிய டோல்கின், பழைய நூலின் அத்தியாயம் ஒன்றை 1951 பதிப்பில் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. முதற்பதிப்பில் வந்த கதை பாத்திரம் சொன்ன பொய் என்று புதிய நூலில் சமாதானமும் சொன்னார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் எல்லோருக்கும் இரண்டாம் பதிப்பு வாய்க்காது.

தமிழில் நெடுந்தொடருக்கு முன்மாதிரி 1950இல் தொடங்கி வாராவாரம் வந்து ஐந்து பாகங்களில் முடிந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. வந்தியத்தேவனின் பயணம் இலங்கைக் காட்டுப் பாதைகளிலும் நீள்கிறது. தம்புள்ளையும் கதைக்குள் வருகிறது. அது சரித்திர நாவல் என்றாலும், வழியையும் ஊரையும் பயண நேரத்தையும் வாசகர் மனத்தில் பதித்துக்கொண்டே போகும் முறை மாயப்புனைவு எழுதுவோருக்கு நல்ல பாடம்.

மாத்தளை எழுத்தாளர்கள் என்றால் மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் போன்றோர் நினைவுக்கு வருவார்கள். தோட்டத்து மக்களின் வாழ்வை உள்ளபடி எழுதுவதே மலையகப் புனைகதையின் முதன்மையான மரபு. எழுதப்படாமல் கிடந்த வரலாற்றுக்கு அது தேவையாகவும் இருந்தது. அந்த வரலாற்றையே மாயப்புனைவுக்கும் கருவாக்கலாம். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் தம்புள்ளை, நாலந்தா வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே நோயில் மாண்டவர் பலர். உயிரோடு வந்தவர்கள் மாரியம்மனையும் தங்களோடு கொண்டுவந்தார்கள். ஒரு தொடரின் முதல் பாகம் முழுவதற்கும் இந்தப் பாதை ஒன்றே போதும்.

அடுத்த பாகங்களுக்கும் பஞ்சமில்லை. திராவிடக் கட்டடப் பாணியில் எழுந்த பௌத்தக் கோயிலான நாலந்தா கெடிகேயை, நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகப் பிரித்து வேறிடத்தில் அடுக்கியிருக்கிறார்கள். அலுவிகாரையில், வாய்மொழியாக வந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் ஏறியது என்பது மரபு. நக்கிள்ஸ் மலைமுகட்டில் காற்றும் மூடுபனியும் மரங்களைக் குள்ளமாக்கியிருக்கின்றன. 1848 ஜூலை 26இல் தம்புள்ளையில் கிளர்ச்சித் தலைவர் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார்; சில நாட்களில் அந்த அரசே இல்லாமற்போனது.

இத்தனையையும் முதல் பாகத்திலேயே கொட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. மாற்றப்போவது எது என்று இரண்டு மூன்றை மட்டும் முடிவுசெய்து, அவற்றால் நெல் விளைவதும் சந்தை கூடுவதும் சாவுச் சடங்கும் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டும். மாத்தளையை வைத்துத் தொடர் எழுத நினைப்பவர்கள் முதல் அத்தியாயத்துக்கு முன்பே ஒரு வரைபடத்தையும் ஒரு குறிப்பேட்டையும் தொடங்கிவிடுங்கள். யார் எங்கே பிறந்தார், எந்த ஊருக்கு எத்தனை நாள் நடை, எந்த மந்திரம் எதற்குப் பலிக்காது என்பதெல்லாம் அதில் ஏறட்டும். மூன்றாம் பாகத்தில் அந்தக் குறிப்பேடு இல்லாமல் ஒரு பக்கமும் நகராது.