காவல் நிலையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால்...

சில மாதங்களுக்கு முன் மஃக்ரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, ஒரு தாய் பள்ளிவாசல் வாசலில் நம்மை எதிர்பார்த்து நின்றார். தெருவில் நடந்த கைகலப்பு வழக்கில் மகனின் பெயரும் சேர்ந்திருந்தது. ஆஜராகச் சொல்லி காவல் நிலையத்திலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. "கொஞ்ச நாள் வெளியூருக்கு அனுப்பி வைக்கட்டுமா ஹஜ்ரத்?" என்று கேட்டார். பல குடும்பங்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. அச்சத்தில் எடுக்கும் இந்த முடிவுதான் பெரும் சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது.

நோட்டீஸ் என்றால் கைதா?

இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவுப்படி, கைது தேவையில்லாத வழக்குகளில்தான் இந்த நோட்டீஸ் தரப்படுகிறது. சொன்ன நாளில் ஆஜராகி ஒத்துழைப்பவரைக் கைது செய்யக்கூடாது; கைது அவசியம் என்று அதிகாரி கருதினால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். ஆஜராகாமல் இருந்தாலோ கைது செய்யலாம். ஆக, மகனை ஒளித்து வைப்பவர் கைதுக்குத் தாமே வழி செய்கிறார்.

கைது செய்துவிட்டால்?

காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். விரும்பும் வக்கீலைக் கலந்தாலோசிக்க அனுமதிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அழைத்துச் சென்ற நேரத்தை வீட்டார் உடனே குறித்து வையுங்கள். அடித்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் அஞ்சாமல் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடச் சொன்னால்?

விசாரணையில் போலீசார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்துத் தேவையில்லை. நோட்டீஸ் பெற்றதற்கும் கைது குறிப்பாணைக்கும் கையெழுத்து உண்டு. படித்துப் பார்த்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் போடாதீர்கள். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 20(3)ஆம் பிரிவு. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்க முடியாது.

பெண்களை இரவில் அழைத்துச் செல்லலாமா?

சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் பெண்ணைக் கைது செய்யக்கூடாது. விதிவிலக்கான சூழலில் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றே செய்யலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே?

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்களுக்கும் காவலில் உள்ளவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. "ஸ்டேஷனில் பேசி முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்பாதீர்கள்.

ஜமாஅத்தாருக்கும் ஒரு வார்த்தை. குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி அல்லர். கேட்ட செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் பரப்பக்கூடாது என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். தீர்ப்பு வருமுன் வாட்ஸ்அப்பில் நாம் தீர்ப்பு எழுத வேண்டாம்.

அந்தத் தாயின் மகன் மறுநாள் காலை வக்கீலுடன் காவல் நிலையம் சென்றான். மாலையில் வீடு திரும்பினான். வழக்கு இன்னும் நடக்கிறது. அவன் வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறான்.