நாலா... எட்டா?

ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸில், மாணவர் போட்டோ போட்டிக்கு ஜட்ஜாக வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் பேங்க் கிளார்க். ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிற ஆசாமி. எப்போதோ நான் எடுத்த இரண்டு படங்கள் பத்திரிகையில் வந்துவிட்டன. அந்தத் தகுதி போதுமாம்! சட்டையில் பேட்ஜ் குத்தி, கையில் பொக்கே கொடுத்து, முன்வரிசை சோபாவில் உட்காரவைத்தார்கள். ஆபீஸில் எனக்காக இதுவரை யாரும் ஸ்டூலைக்கூட நகர்த்திப் போட்டதில்லை.

என்னோடு இன்னும் இரண்டு பேர். ஒருவர் விஸ்காம் லெக்சரர் மேடம். இன்னொருவர் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி. திரையில் படம் வரும். பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். பத்துக்கு மார்க் போட வேண்டும். மொத்தம் 180 படங்கள், படத்துக்கு 40 செகண்ட். கணக்குப் பார்த்தால் இரண்டு மணி நேரம். ஒரு பையனோ பெண்ணோ விடிகாலையில் எழுந்து, பஸ் பிடித்துப் போய், வெயிலில் காத்திருந்து எடுத்த படத்துக்கு நாங்கள் கொடுத்தது 40 செகண்ட். அதிலும் பத்து செகண்ட் டீ ஆற்றுவதில் போய்விடும்.

முதல் அரை மணியிலேயே ஒன்று புரிந்துபோனது. மாணவர்கள் எங்களை நன்றாகவே படித்து வைத்திருக்கிறார்கள்! ஜட்ஜ்களுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்துதான் அனுப்புகிறார்கள். பொக்கை வாய்ப் பாட்டிகள் மட்டுமே இருபத்து மூன்று. கறுப்பு வெள்ளையில், முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் எண்ணிவிடலாம். அப்புறம், ரயில் ஜன்னலில் குழந்தை. மெரினா சூரியன், அதற்குள் கரெக்டாக நுழைந்த காக்கா. ஐம்பதாவது படத்துக்கு மேல் பாட்டி வந்தாலே அண்ணாச்சி, "வாங்க ஆச்சி!" என்று வரவேற்க ஆரம்பித்துவிட்டார்.

அண்ணாச்சி மார்க் போடுகிற அழகே தனி. ஷார்ப்பாக இருந்தால் ஏழு. கொஞ்சம் ஆடியிருந்தால் ஐந்து. தீர்ந்தது விஷயம். மேடத்துக்குப் படத்தில் 'அர்த்தம்' வேண்டும். எனக்கு? நானும் பெரிய கொள்கை வைத்திருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்... மத்தியானம் வரை!

மூன்று பேர் மார்க்கையும் கூட்டி, அதிகம் வாங்கினவருக்குப் பரிசு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு படத்தைப் பார்த்து ஒருவர் ஆடிப்போய் ஒன்பது போடுகிறார், இன்னொருவர் எட்டு, மூன்றாமவர் 'சீ' என்று மூன்று. மொத்தம் இருபது. பக்கத்தில் ஒரு சாதுவான பாட்டி படம். எல்லோரும் ஆளுக்கு ஏழு. மொத்தம் இருபத்தொன்று. பாட்டி ஜெயித்துவிடுவாள்! யாரையும் உலுக்காத, யாருக்கும் கோபம் வராத படம்தான் இந்தக் கணக்கில் மேலே வரும். ஒலிம்பிக் டைவிங்கில் ஏழு நடுவர்கள் உட்கார்ந்து, மேலே இரண்டு மார்க், கீழே இரண்டு மார்க்கைத் தள்ளிவிட்டு நடுவில் உள்ள மூன்றைத்தான் எடுக்கிறார்கள். குதிக்கிறவருக்கு அது சரி. தண்ணீர் எவ்வளவு தெறித்தது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். போட்டோவில் எதைப் பார்த்து அளப்பது?

பெரிய இடத்திலும் இதே தடுமாற்றம்தான். 2023-ல் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவின் பரிசு, ஜெர்மன் கலைஞர் போரிஸ் எல்டாக்சனுக்கு. இரண்டு பெண்கள் நிற்கிற, பழைய காலத்துப் படம் மாதிரி ஒன்று. அது ஏ.ஐ. செய்த படம் என்று சொல்லி, மனிதர் பரிசே வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த வருடம் நேர் தலைகீழ்! மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் இன்னொரு சர்வதேசப் போட்டியின் ஏ.ஐ. பிரிவுக்கு, நிஜக் கேமராவில் எடுத்த நிஜப் படத்தை அனுப்பினார். தலையே இல்லாத பூநாரை! பறவை குனிந்து வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். நடுவர்கள் மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். உண்மையை அவரே சொன்னதும் பரிசைப் பிடுங்கிக்கொண்டார்கள். மாட்டிக்கொண்ட அந்த நடுவர்களை நினைத்து அப்போது விழுந்து விழுந்து சிரித்தவன் நான்.

சரி, நம்ம காலேஜுக்கு வருவோம். சாப்பாடு முடிந்து, மிச்சப் படங்களையும் பார்த்து, மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் கோ-ஆர்டினேட்டர் பையன் முகம் வெளிறி ஓடி வந்தான்.

"சார், ஒரு சின்ன ப்ராப்ளம். 41-ம் 163-ம் ஒரே படம். நெட் ஸ்லோவா இருந்ததால ஒருத்தன் ரெண்டு தடவை அப்லோட் பண்ணிட்டான்."

"அதனாலென்னப்பா?"

"மேடம் ரெண்டுக்கும் எட்டு. அண்ணாச்சி ரெண்டுக்கும் ஏழு. நீங்க... காலைல நாலு, மத்தியானம் எட்டு."

ஏ.சி. ஹாலில் எனக்கு வியர்த்தது.

ரேஷன் கடை வாசல் படம் அது. கடை இன்னும் திறக்கவில்லை. வரிசையில் ஓர் ஆள் கிடையாது. பைகள், ஒரு ஜோடி செருப்பு, செங்கல், பிளாஸ்டிக் வாளி எல்லாம் ஆட்களுக்குப் பதில் ஒழுங்காக வரிசையில் நிற்கின்றன. காலையில், 'ஆளே இல்லாத படம்' என்று நாலு போட்டிருக்கிறேன். மத்தியானம் அதே படத்தைப் பார்த்து, 'அடடா, ஆளே இல்லாமல் அத்தனை பேரையும் காட்டிவிட்டானே!' என்று எட்டு.

நடுவில் என்ன நடந்தது? யோசித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. கேன்டீனில் ஒரு நாற்காலியில் கர்ச்சீப்பைப் போட்டு இடம் பிடித்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் கர்ச்சீப் மேஜை மேல், நாற்காலியில் வேறு யாரோ! எனக்கு வந்ததே கோபம்... அந்தக் கோபம்தான் நாலு மார்க்காக மாறியிருக்க வேண்டும்.

நாலு என்றால் மொத்தம் 19, பரிசு கிடையாது. எட்டு என்றால் 23, முதல் பரிசு. ஏனென்றால் முதலில் நின்ற படத்துக்கு 22-தான். (பாட்டிதான், வேறு யார்?)

"எட்டையே வெச்சுக்கலாமே..." என்று இழுத்தேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இரண்டாவது தடவை வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுது. ஏதோ டெக்னிகல் தப்புன்னு விட்டுட்டேன். இப்ப நீங்க மாத்தினா, அந்த மார்க் படத்துக்கு இல்ல சார், உங்க மனசாட்சிக்கு."

அண்ணாச்சி, "எல்லாப் படத்தையும் ரெண்டு வாட்டி காட்டியிருந்தா நம்ம மூணு பேர் வண்டவாளமும் தண்டவாளம் ஏறியிருக்கும். விடுங்க தம்பி" என்றார். ஷார்ப்பாக இருந்தால் ஏழு என்கிறவர் வண்டவாளம் எப்படி ஏறும்? தாராள மனசு.

கடைசியில் கோ-ஆர்டினேட்டர்தான் ரூல்ஸ் பேப்பரைப் புரட்டினான். ஒருவருக்கு ஒரு படம், முதலில் வந்த என்ட்ரிதான் செல்லும். அதாவது 41. அதாவது நாலு. நான் வாயைத் திறக்கவில்லை. பாட்டிக்குக் கைதட்டல் காதைப் பிளந்தது.

விழா முடிந்து வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது ஒரு ஒல்லிப் பையன் தயங்கித் தயங்கி வந்தான்.

"சார், ரேஷன் கடைப் படம் என்னோடது. அதுல என்ன தப்புன்னு சொன்னீங்கன்னா, அடுத்த தடவை திருத்திக்குவேன்."

திரை கீறிய மொபைலை நீட்டினான். நிழலில் வைத்து, முதல் தடவையாக நாற்பது செகண்டுக்கு மேல் பார்த்தேன். செருப்புக்கும் செங்கல்லுக்கும் நடுவே, காது அறுந்து முடிச்சுப் போட்ட ஒரு மஞ்சள் பை.

"அது எங்கம்மா பை சார். பையை வெச்சுட்டு வேலைக்குப் போயிட்டாங்க. நான் காவலுக்கு நின்னேன். அப்ப எடுத்தது."

இரண்டு முறை பார்த்து மார்க் போட்டவன், அந்த முடிச்சைக் கவனிக்கவே இல்லை. பொய் சொல்ல மனசு வரவில்லை. காலையில் நாலு, மத்தியானம் எட்டு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மத்தியானம் என்ன சார் சாப்பிட்டீங்க?"

"வெஜிடபிள் பிரியாணி."

"அடுத்த வருஷமும் நீங்கதான் ஜட்ஜ்னா முன்னாடியே சொல்லிடுங்க சார். காலைலயே வாங்கிட்டு வந்துடறேன்."

ஆட்டோக்காரர் என்னைவிடப் பலமாகச் சிரித்தார்.