ஆங்கிலத்தில் மறைமுகச் செயப்படுபொருளும் நம் நான்காம் வேற்றுமையும்

ஆங்கில இலக்கணத்தைத் தமிழ் மாணாக்கர்க்கு விளக்கும் நூல்கள், செயப்படுபொருளை நேர்முகம், மறைமுகம் என இரண்டாகப் பகுக்கின்றன. ‘ஷி கேவ் தி பாய் எ புக்’ என்னும் தொடரில் ‘புக்’ நேர்முகம், ‘பாய்’ மறைமுகம். இதனை ‘அவள் சிறுவனுக்கு ஒரு நூலைக் கொடுத்தாள்’ எனப் பெயர்க்கும் மாணாக்கர், குவ்வுருபு வருமிடமெல்லாம் ஆங்கிலத்தில் மறைமுகச் செயப்படுபொருள் உண்டு எனக் கருதிவிடுகின்றனர். இது பெரும்பிழைக்கு இடந்தருவதாகும்.

தமிழில் கொள்வோனைக் காட்டுவது உருபு. ‘நூலைச் சிறுவனுக்குக் கொடுத்தாள்’ எனச் சொற்களை இடமாற்றினும் பொருள் கெடுவதில்லை. ஆங்கிலத்திலோ காட்டுவது இடமே. வினையை அடுத்துக் கொள்வோனும், அவனை அடுத்துப் பொருளும் நிற்றல் வேண்டும். கொள்வோன் பின்னே செல்லின் ‘டு’ என்னும் முன்னிடைச்சொல் வேண்டப்படும். வாங்குதல், சமைத்தல் போன்ற வினைகளாயின் ‘ஃபார்’ என்பது வரும். பின்னதனை நம் இலக்கணத்தார் பொருட்டுப் பொருள் என்பர். ‘டு தி பாய்’ என்பதனையும் மறைமுகச் செயப்படுபொருள் என்பாருளர். முன்னிடைத் தொடர் என விலக்குவாரும் உளர். பின்னையோர் கூற்றே நமக்கு உடன்பாடு. காரணம் வருமாறு.

‘தம்பிக்கு மடல் அனுப்பினான்’, ‘சென்னைக்கு மடல் அனுப்பினான்’ ஆகிய இரண்டிலும் உருபு ஒன்றே. ஆங்கிலத்திலும் இரண்டிற்கும் ‘டு’ பொருந்தும். ஆனால் ‘ஹி சென்ட் ஹிஸ் பிரதர் எ லெட்டர்’ என்பது போல ‘ஹி சென்ட் மெட்ராஸ் எ லெட்டர்’ எனக் கூறுதல் வழக்கன்று. சென்னையிலுள்ள ஓர் அலுவலகத்தைச் சென்னை என்றே சுட்டினாலன்றி அத்தொடர் அமையாது. பெற்றுக்கொள்ள வல்லதே அவ்விடத்தில் நிற்கும். வெறும் ஊர் நில்லாது. ‘டு’ இவ்வேறுபாட்டை மறைக்கின்றது. இடம் அதனைக் காட்டுகின்றது.

எல்லா வினையும் இவ்வமைப்பை ஏற்பதுமில்லை. ‘எக்ஸ்பிளெயின் மீ திஸ் சம்’ என நம் மாணாக்கர் எழுதுவதை விடைத்தாள்களில் அடிக்கடி காண்கிறோம். ‘டெல்’ ஏற்பதை ‘எக்ஸ்பிளெயின்’ ஏலாது. இலத்தீன் வழிவந்த நெடுஞ்சொற்கள் பெரும்பாலும் ஏலா. ‘ஆஃபர்’, ‘பிராமிஸ்’ முதலியன விலக்கு.

இனி, கொள்வோனைச் செயப்படுபொருள் எனல் தகுமோ? தொல்காப்பியர் தொழில் முதனிலை எட்டனுள் செயப்படுபொருளை வேறாகவும், ‘இன்னதற்கு’ என்பதனை வேறாகவும் வைத்தார். தமிழுக்கு அதுவே முறை. ‘சிறுவனுக்கு நூல் கொடுக்கப்பட்டது’ என்போமேயன்றிச் ‘சிறுவன் நூல் கொடுக்கப்பட்டான்’ என்னோம். ஆங்கிலமோ ‘தி பாய் வாஸ் கிவன் எ புக்’ எனத் தயங்காது கூறும். ஆகவே அம்மொழியளவில் ‘செயப்படுபொருள்’ என்னும் பெயர் பொருந்துவதே. ‘மறைமுகம்’ என்னும் அடையே நமக்கு உவப்பாக இல்லை. கொள்வோன் எதனுள்ளும் மறைந்திருக்கவில்லை. வினையை அடுத்து வெளிப்படவே நிற்கிறான். ‘கொள்வோன் செயப்படுபொருள்’ என்பது தெளிவாம்.

ஆங்கிலம் என்றும் இந்நிலையில் இருந்ததன்று. 1066இல் நார்மானியர் வெல்வதற்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் நான்காம் வேற்றுமைக்குத் தனி ஈறுகள் இருந்தன. அவை படிப்படியாகத் தேய்ந்தபின்னரே இடம் உருபின் பணியை மிகுதியும் ஏற்றது. இன்று இரண்டாம் வேற்றுமைக்கும் வழங்கும் ‘ஹிம்’, அந்நாளில் நான்காம் வேற்றுமை வடிவமே. ‘ஹினெ’ என்ற இரண்டாம் வேற்றுமை வடிவம் மறைந்தது.

‘லைக்’ என்னும் வினையின் வரலாறு இதனினும் சுவையுடையது. அது முன்னாளில் ‘இனியதாதல்’ என்னும் பொருட்டு. விரும்பப்படும் பொருள் எழுவாய். விரும்புவோன் நான்காம் வேற்றுமையில் நிற்பான். நாம் ‘எனக்கு இந்நூல் பிடிக்கும்’ என்பது ஏறக்குறைய அவ்வமைப்பே. ஈறுகள் தேயவே, வினைக்கு முன் நின்ற கொள்வோனே எழுவாயாகக் கொள்ளப்பட்டான். ‘ஐ லைக் திஸ் புக்’ என்னும் இற்றை வழக்கு பிறந்தது. ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று பொருள்படும் ‘மீதிங்க்ஸ்’ என்னும் பழஞ்சொல்லில் அந்த ‘மீ’ இன்னும் நான்காம் வேற்றுமையாகவே நிற்கின்றது.