மாமியாரை பார்க்க மருமகள் போகலாம்... பெத்த மகன் போக முடியாது!

திருவண்ணாமலை:
பவுர்ணமி தோறும் லட்சக்கணக்கான பக்தர்கள் கிரிவலம் வரும் ஊர் திருவண்ணாமலை. 14 கிலோ மீட்டர் பாதையில் அடிஅண்ணாமலையை தாண்டித்தான் எல்லோரும் நடக்கிறார்கள். அங்கே இலங்கை தமிழர் முகாம் ஒன்று இருப்பது பலருக்கு தெரியாது. பக்கத்தில் அத்தியந்தலிலும் ஒரு முகாம் இருக்கிறது.

இந்த மாதிரி முகாம்களில் பிறந்து வளர்ந்த பையன்கள் உள்ளூர் பெண்களை கல்யாணம் செய்வதும், முகாம் பெண்கள் உள்ளூர் மாப்பிள்ளைகளை கட்டிக்கொள்வதும் தமிழ்நாட்டில் சாதாரணமாக நடக்கிற விஷயம். கல்யாணம் சுலபமாக முடிந்துவிடுகிறது. சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

யாழ்ப்பாணத்திலோ, வவுனியாவிலோ மாப்பிள்ளையின் அம்மா இருக்கிறார். உடம்பு முடியவில்லை. "ஒருக்கா வந்து முகத்தை காட்டு" என்று வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறார். என்ன செய்ய முடியும்?

மருமகள் இந்தியர். பாஸ்போர்ட் எடுத்து, ஆன்லைனில் 30 நாள் சுற்றுலா அனுமதி வாங்கி கிளம்பிவிடலாம். சென்னையில் இருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு விமானம் 2019-ல் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி பறந்தது. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. வழி இருக்கிறது.

ஆனால் பெத்த மகன் போக முடியாது. போனால் திரும்பி வருவது நிச்சயம் இல்லை!

ஏன் இந்த நிலை?

1983 ஜூலை கலவரத்துக்கு பிறகு படகில் ஏறி தனுஷ்கோடி, ராமேசுவரம் கரையில் வந்து இறங்கியவர்கள் இவர்கள். 2012 வரை வந்தவர்கள் மட்டும் 3 லட்சத்து 4 ஆயிரம் பேர். பலர் திரும்பி போய்விட்டார்கள். இப்போதும் தமிழ்நாட்டில் 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள்.

உயிருக்கு பயந்து ஓடி வருகிறவன் பாஸ்போர்ட், விசா எடுத்துக்கொண்டா வருவான்? அங்கேதான் சட்டம் இடிக்கிறது. 2003-ல் திருத்தப்பட்ட குடியுரிமை சட்டப்படி, உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர் "சட்டவிரோத குடியேறி". மத்திய அரசு இவர்களை அந்த கணக்கில்தான் வைத்திருக்கிறது.

இந்தியரை திருமணம் செய்த வெளிநாட்டவர் 7 வருஷம் இங்கே வாழ்ந்தால், பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டவிரோத குடியேறிக்கு அந்த கதவு கிடையாது. கல்யாணம் ஆகி 20 வருஷம் ஆனாலும் கிடையாது.

2019-ல் வந்த குடியுரிமை திருத்த சட்டத்திலும் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய 3 நாடுகள்தான். இலங்கை பெயர் இல்லை.

ஒரு வழி டிக்கெட்

'எனக்கு ஊருக்கு போகணும்' என்று முகாம்வாசி கேட்டால் யாரும் தடுப்பதில்லை. சென்னையில் உள்ள இலங்கை துணை தூதரகத்தில் பாஸ்போர்ட்டோ, தற்காலிக பயண ஆவணமோ வாங்க வேண்டும். இந்திய அரசிடம் வெளியேறும் அனுமதி பெற வேண்டும். ஆனால் இது நிரந்தரமாக திரும்பி போகிறவர்களுக்கான வழி. போய் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அல்ல.

அப்படி போனவர் மறுபடி வர வேண்டும் என்றால், மற்ற இலங்கை குடிமக்கள் போல விசா எடுத்துத்தான் வர வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து பெயிண்ட் வேலைக்கு போக முடியுமா? குடும்பம் நடத்த முடியுமா? அதனால்தான் அம்மா இறந்த செய்தி வந்தாலும், செல்போனில் சாவு வீட்டை பார்த்து அழுவதோடு முடிந்துவிடுகிறது.

அந்த பக்கமும் பயம் இருக்கிறது. 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு ஊர் திரும்பிய 75 வயது முதியவரை பலாலி விமான நிலையத்தில் பிடித்துவிட்டார்கள். பல வருஷம் முன்பு அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு போனதுதான் குற்றமாம்! எதிர்ப்பு கிளம்பியதும் விடுவித்தார்கள்.

பிள்ளைகள் எந்த நாடு?

'சரி, மருமகளாவது பேரப்பிள்ளைகளை கூட்டிப்போய் அப்பம்மாவிடம் காட்டட்டுமே' என்று தோன்றும். அதிலும் சிக்கல். பிள்ளை பிறந்த தேதியை பொறுத்து நாடு மாறுகிறது.

* 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர்: பிறப்பால் இந்தியர்.

* 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்: தாய், தந்தையில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும்.

* 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்: ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் சட்டவிரோத குடியேறியாக இருக்கக்கூடாது.

ஆக, ஒரே வீட்டில் 2003-ல் பிறந்த அண்ணன் இந்தியர். 2006-ல் பிறந்த தங்கை இந்தியர் இல்லை. அண்ணன் அம்மாவோடு விமானம் ஏறலாம். தங்கை அப்பாவோடு முகாமில் இருக்க வேண்டியதுதான்!

கோர்ட்டு என்ன சொன்னது?

மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் தர மறுத்தார்கள். அவர் வழக்கு போட்டார். 1987-க்கு முன்பு இங்கே பிறந்தவர் இந்தியர்தான், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று மதுரை ஐகோர்ட்டு கிளை 2022-ல் உத்தரவிட்டது. 2024 பாராளுமன்ற தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார்.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. தண்டனை முடிந்த ஓர் இலங்கை தமிழர், மனைவியும் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள், என்னை அனுப்ப வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட்டுக்கு போனார். உலகத்தில் உள்ள எல்லோருக்கும் இடம் கொடுக்க இந்தியா தர்ம சத்திரம் அல்ல என்ற பொருளில் 2025 மே மாதம் நீதிபதிகள் கூறி, மனுவை தள்ளுபடி செய்தார்கள்.

2025 செப்டம்பரில் சின்ன ஆறுதல் ஒன்று கிடைத்தது. 2015 ஜனவரி 9-ந்தேதிக்குள் இந்தியாவில் தஞ்சம் அடைந்து பதிவு செய்த இலங்கை தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் - விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையில் இருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. ஜெயில் பயம் போனது. ஆனால் இது குடியுரிமை அல்ல.

குடும்பங்கள் என்ன செய்யலாம்?

* திருமணத்தை கண்டிப்பாக பதிவு செய்யுங்கள். கோவிலில் தாலி கட்டிய போட்டோ மட்டும் ஆபீசில் செல்லாது.

* பிள்ளைகளின் பிறப்பு சான்றிதழில் பெயர், தேதி, பெற்றோர் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து பிழை கூட பின்னால் அலைய வைக்கும்.

* இலங்கை குடியுரிமை வேண்டும் என்றால், இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பை சென்னை துணை தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

* பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உதவி உண்டு. மாவட்ட கோர்ட்டில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

* எந்த காரணத்துக்காகவும் ஏஜெண்டை நம்பி கள்ளத்தோணி ஏறாதீர்கள். காசும் போகும், உயிரும் போகும்.

தாய் வரலாம்!

ரமணாசிரமம் பக்கம் போனால் வருஷா வருஷம் விசாவில் வந்து போகும் வெளிநாட்டுக்காரர்களை பார்க்கலாம். அதே வழி அந்த தாய்க்கும் உண்டு. மகன் அங்கே போக முடியாவிட்டாலும், இலங்கை பாஸ்போர்ட் உள்ள தாய் சுற்றுலா விசா எடுத்து திருவண்ணாமலைக்கு வரலாம். முகாமில் வெளியாட்கள் தங்க அனுமதி வேண்டும் என்பதால் லாட்ஜில் ரூம் எடுக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர் அந்த விவரத்தை பதிவு செய்வார். அவ்வளவுதான்.

நடமாட முடிந்த தாய்க்கு இது சரி. படுக்கையில் விழுந்த தாய் எப்படி வருவார்? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கடல் 30 கிலோ மீட்டர்தான். அதை தாண்டி அம்மா முகத்தை பார்த்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளிடம் திரும்பி வர ஒரே ஒரு அனுமதி சீட்டு. முகாம் குடும்பங்கள் கேட்பது அதைத்தான்.