பெருவழியும் தனிவழியும்

தாம் போற்றும் பாடகரை உலகம் பாராட்டினால் இரசிகர் மகிழ்வதே இயல்பு. ஆனால், அப்பாராட்டைக் கண்டு மனம் வெதும்பி விலகிச் செல்வோரும் உண்டு. ஹெவி மெட்டல் என்னும் மேலைநாட்டு இசையின் இரசிகர்களையே குறிப்பிடுகிறோம்.

இங்கிலாந்தின் தொழில் நகராகிய பர்மிங்ஹாமைச் சேர்ந்த பிளாக் சபாத் குழு 1970இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டே இவ்விசையின் தொடக்கம் என்பர். கனத்த மின்கித்தார் முழக்கமும் அதிரும் முரசொலியும் இதன் அடையாளங்கள். வானொலி இதனைப் பெரும்பாலும் ஒதுக்கியது. பெற்றோர் காதைப் பொத்திக்கொண்டனர். ஆயினும், தம்மை எவரும் புரிந்துகொள்ளவில்லை என்று ஏங்கிய இளைஞர் பலருக்கு இதுவே உறவாயிற்று. எனவே, 'மெயின்ஸ்ட்ரீம்', அதாவது எல்லாரும் நடக்கும் பெருவழி, என்பது அவர்களிடையே ஒரு வசைச்சொல்லாகவே வழங்குகிறது.

1981இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தோன்றிய மெட்டாலிக்கா குழுவின் வரலாறு இதனை நன்கு விளக்கும். 1982இல் அவர்கள் பதிவு செய்த ஒலிநாடாவை இரசிகர்களே படியெடுத்து, அஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பிப் பரப்பினர். 1984இல் மென்மையான கித்தார் இசையோடு தொடங்கும் ஒரு பாடலை வெளியிட்டபோதே சிலர் முணுமுணுத்தனர். 1986இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வானொலியின் துணையின்றியே அமெரிக்காவில் 5 இலட்சம் படிகள் விற்றது. இரசிகர் பெருமிதம் கொண்டனர். 1991இல் வெளிவந்த கறுப்பு உறையிட்ட இசைத்தட்டிலோ பாடல்கள் சுருங்கின, வேகமும் தணிந்தது. அமெரிக்காவில் மட்டும் இதுவரை 1 கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றுள்ளன. "விலைபோய்விட்டார்கள்!" என்று பழைய அன்பர் பலர் குமுறினர்.

அப்படியானால், விற்பனைதான் அளவுகோலா? அன்று. இலண்டனின் அயர்ன் மெய்டன் குழு 1982இலேயே பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆயினும், தம் பாணியை அவர்கள் பெரிதும் மாற்றாததால் இப்பழி அவர்கள்மீது அவ்வளவாக விழவில்லை. புதியவர்களைக் கவர்வதற்காகத் தம் குரலை மாற்றினார்களா என்பதே இரசிகர் எழுப்பும் வினா எனத் தோன்றுகிறது.

இந்த எல்லைக்கோடும் நிலையாக நிற்பதில்லை. நார்வே நாட்டுக் குழுக்களின் இன்னும் கடுமையான இசையை விரும்புவோருக்கு மெட்டாலிக்கா வெறும் பெருவழி. இவ்விசையை அறியாத அண்டை வீட்டாருக்கோ இரண்டுமே பேரிரைச்சல். 1991இல் "பின்னால் வந்தவன்" என்று இகழப்பட்டவனும் இன்று பழைய இரசிகனாகித் தானே காவல் நிற்கிறான்.

2022இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரில் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாடல் ஒலித்தது. பதின்பருவத்தினர் பலர் முதன்முறையாக அதனைச் செவிமடுத்து மகிழ்ந்தனர். பாடல் பிறந்து 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய இரசிகர் சிலர் அவர்களை ஏளனம் செய்தனர். அக்குழுவினரோ, தம் குடும்பத்தில் அனைவருக்கும் இடமுண்டு என்று வெளிப்படையாக அறிவித்தனர்.

முதலில் வந்தவரின் வருத்தத்தை நாம் எள்ளி நகையாட வேண்டா. ஒருவரும் மதியாத காலத்தில் தாம் காத்த சிறு விளக்கு கடைத்தெருவுக்குச் சென்றுவிட்டதே என்னும் ஏக்கம் அது. ஆயினும், அன்று தமக்குக் கிடைத்த ஆறுதலை இன்று வரும் சிறுவனுக்கு மறுப்பது முறையாகுமா? விளக்கில் இருந்து விளக்கு ஏற்றுவதால் ஒளி குறைவதில்லை அன்றோ?

நம் பிள்ளைகளும் தமக்கென ஓர் இசையைத் தேடிக்கொள்ளக் கூடும். "இது என்ன கூச்சல்?" என்று கேட்குமுன், "இதில் உனக்குப் பிடித்தது எது?" என்று அருகமர்ந்து கேட்போம்.