பவரா, வெயிட்டா? ட்யூனிங் கடைக்காரருக்கு ஏற்ற டிராக் கார் எது?

கார் இன்ஜினின் பவரைக் கூட்டித் தருவதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் அந்த ஆசை வந்துவிடும். 'கடை பெயரில் ஒரு டிராக் கார் வேண்டும்!'

ஆசையில் தப்பில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலோ, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ உங்கள் கடை ஸ்டிக்கரோடு ஒரு கார் சீறிப் பாய்ந்தால், அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. ஆனால், நாலாவது சுற்றிலேயே புகை கக்கி நின்றால்? அதுவும் விளம்பரம்தான். ஊரே பேசும்!

எனவே, காரைத் தேர்ந்தெடுப்பதில் நிதானம் தேவை.

எதை விற்கிறீர்கள்?

முதல் கேள்வி இதுதான். செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று பழைய ஜெர்மன் சொகுசு காரை வாங்காதீர்கள். அதன் ஒரு உதிரி பாகத்துக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். உங்கள் கடைக்கு வருகிறவர் ஓட்டுவது ஸ்விஃப்ட்டோ, போலோவோதானே? டிராக்கில் ஓடும் காரைப் பார்த்து, 'நம்ம வண்டியிலயும் இதைச் செய்யலாமா?' என்று அவர் கேட்க வேண்டும்.

இசியூ ரீமேப்தான் உங்கள் முக்கிய வியாபாரம் என்றால், டர்போ இன்ஜின் உள்ள போலோ டிஎஸ்ஐ நல்ல தேர்வு. டர்போ அழுத்தத்தைச் சாஃப்ட்வேரிலேயே கூட்டலாம். வித்தியாசம் நன்றாகத் தெரியும். 2022-ல் உற்பத்தி நின்றுவிட்டதால் பழைய காரைத்தான் தேட வேண்டும். டர்போ இல்லாத ஸ்விஃப்ட்டில் ரீமேப் செய்தால் கிடைக்கும் பலன் குறைவுதான். ஆனால் சஸ்பென்ஷன், பிரேக் வேலைகளில் உங்கள் கைவரிசையைக் காட்ட அதுவே போதும்.

எடை குறைந்தால் எல்லாமே லாபம்

கரி டிராக்கின் நீளம் சுமார் 2.1 கி.மீ. இருங்காட்டுக்கோட்டை சுமார் 3.7 கி.மீ. இங்கெல்லாம் வளைவுகளில்தான் நேரத்தை மிச்சப்படுத்த முடியும். கூடுதல் பவர் நேர்ப்பாதையில் மட்டுமே கைகொடுக்கும். எடை குறைவோ வளைவு, பிரேக், டயர் என எல்லா இடத்திலும் கைகொடுக்கும். ஒரு டன்னுக்கும் குறைவான மாருதி எஸ்டீம் நம் ரேஸ்களில் பல வருடங்கள் கொடிகட்டிப் பறந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்ஜெட்டில் பாதியை ஒதுக்குங்கள்

கையில் இருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். பவரைக் கூட்டும் முன்பு நல்ல பிரேக் பேட், புது பிரேக் ஆயில், டயர், ரோல் கேஜ், ரேஸ் சீட், பெல்ட், தீயணைப்பான். அதன் பிறகுதான் இன்ஜின். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அப்படி ஈரமேறிய ஆயில், தொடர்ந்து பிரேக் பிடிக்கும் சூட்டில் சீக்கிரம் கொதித்துவிடும். பெடல் மெத்தென்று தரை வரை இறங்கும், கார் நிற்காது. உயிருக்கே ஆபத்தான விஷயம் இது.

இன்னொன்று: ரேஸில் ஓட்டும்போது ஏற்படும் சேதத்துக்கு வழக்கமான கார் இன்ஷூரன்ஸ் பணம் தராது. மோதினால் நஷ்டம் முழுக்க உங்களுடையது. நொறுங்கினாலும் கடையை மூடவேண்டிய நிலை வராத விலையில் கார் வாங்குங்கள்.

காலையில் லாரியில் ஏற்றிக் கொண்டுபோன காரை, மாலையில் யாரும் தள்ளாமல் நீங்களே ஓட்டி லாரியில் ஏற்ற முடிந்ததா? அதுதான் உங்களுக்கான டிராக் கார்!