அடைக்கோழி இல்லாமல் குஞ்சு பொரிக்க

கொல்லையில் கோழி வளர்க்கும் இல்லங்கள் பல. முட்டையிடும் கோழிகள் யாவும் அடைகாக்க அமர்வதில்லை. அந்நிலையில் தாய்க்கோழியின் சூட்டை நாமே அமைத்துக் கொடுத்துக் குஞ்சு பொரிக்கச் செய்யலாம்.

இக்கலை புதியதன்று. எகிப்து நாட்டினர் பண்டைக் காலந்தொட்டு மண்கல் சூளைகளில் சாணமும் வைக்கோலும் எரித்து, ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்து வந்தனர். வெப்பமானி இல்லாத அந்நாளில், முட்டையைக் கண்ணிமையில் வைத்தே சூட்டை அளந்தனர். சூட்டை ஒரே சீராகக் காப்பதே அவர்களது திறமை. நமக்கும் அதுவே பாடம்.

அமைக்கும் முறை

மூடியுள்ள தெர்மோகோல் பெட்டி ஒன்றில் காற்றுக்காகச் சில துளைகள் இடுக. 40 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பெட்டியின் சுவரில் படாதவாறு பொருத்துக. தெர்மோகோல் எளிதில் தீப்பற்றும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமேயன்றிப் போதிய சூடு தராது. பல்பைத் தெர்மோஸ்டாட் கருவியுடன் இணைத்தால் வெப்பம் மிகும்போது அது தானே அணையும். சிறு விசிறி வைத்த பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ் போதும். விசிறி இல்லையேல், முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 முதல் 39 டிகிரி வரை வேண்டும். ஈரப்பதத்துக்காக ஒரு கிண்ணம் நீர் வைக்கவும்.

முட்டை வைக்குமுன் ஒரு நாள் முழுவதும் வெறும் பெட்டியை இயக்கிப் பார்ப்பது இன்றியமையாதது. சிறிது நேரக் குளிர்ச்சியைக் கரு பொறுத்துக்கொள்ளும். மிகைச் சூட்டைப் பொறுக்காது. மின்சாரம் தடைப்பட்டால், பல்பு அணைந்திருக்கும் வரை பெட்டியைக் கம்பளியால் போர்த்துக.

இருபத்தொரு நாள்

சேவலுடன் வாழும் கோழியிட்டு, ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டைகளையே தேர்ந்தெடுக்கவும், அவற்றைக் கழுவலாகாது. நாள்தோறும் மூன்று அல்லது ஐந்து முறை திருப்புக. ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளிமுன் பிடித்துப் பார்த்தால் கருவுற்றவற்றில் இரத்த நரம்புகள் தெரியும், தெளிவாயிருப்பவை கூமுட்டைகள். 18ஆம் நாள் முதல் திருப்புதலை நிறுத்தி, நீரை மிகுத்து, பெட்டியைத் திறவாதிருக்கவும். 21ஆம் நாளையொட்டிக் குஞ்சுகள் வெளிவரும். ஓட்டை நாமே உடைத்து உதவ முற்படுதல் பெரும்பாலும் கேடாகவே முடியும்.

இறகு உலர்ந்த குஞ்சுகளுக்கும் சூடு தேவை: முதல் வாரம் 35 டிகிரி, பின் வாரந்தோறும் மூன்று டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் பல்பின்கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கினால் குளிர். சுவரோரம் ஒதுங்கி வாய்திறந்து மூச்சிரைத்தால் மிகை வெப்பம். பரவலாகத் திரிந்து இரை கொத்தினால் அளவு சரி. வெப்பமானியோடு குஞ்சுகளையும் கவனித்தால், அவையே நமக்கு அளவைச் சொல்லித்தரும்.